வெள்ளிக் காசில் ஒரு பால்செடி



சம்பளம் போட்ட அன்று நம் வீடுகளில் எழும் முதற் கேள்வி, "இந்த மாதம் எத்தனை வெள்ளி?" என்பதுதான். நம் நாட்டுப் பணத்துக்கு 1975ஆம் ஆண்டு முதல் ரிங்கிட் என்பதே அதிகாரப்பூர்வமான பெயர். ஆயினும் நம் வாயில் வருவது வெள்ளியே. தாளில் அச்சடித்த பணத்தை வெள்ளி என்று அழைப்பானேன்? காரணம் இருக்கிறது. நம் பாட்டன்மார் காலத்து டாலர் மெய்யாகவே வெள்ளியால் ஆனது. 1903இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கென்று வெளியிடப்பட்ட டாலரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. ரிங்கிட் என்னும் மலாய்ச் சொல்லும் வெள்ளியோடு தொடர்புடையதே. ஓரத்தில் பல் வெட்டியிருந்த பழைய ஸ்பானிய வெள்ளிக் காசைக் குறித்து எழுந்த பெயர் அது.

இன்று நான் சொல்லப் போவது இவற்றைவிட மிகப் பழைய வெள்ளிக் காசுகளைப் பற்றி. ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன், பிழைப்புத் தேடிக் கடல் கடந்து போன கிரேக்கர்கள் தாங்கள் குடியேறிய ஊர்களில் அடித்த காசுகள் அவை. அவற்றுள் ஒன்றில் ஒரு செடியின் உருவம் இருக்கிறது. அந்தச் செடியைக் கீறிப் பால் எடுத்து விற்றே ஓர் ஊர் செல்வம் சேர்த்தது. பால் வெட்டும் குடும்பங்களுக்கு இந்தக் கதையைச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

முதலில் காசைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். நாணயம் அடிக்கும் வழக்கம், இன்றைய துருக்கி நாட்டின் மேற்குப் பகுதியில் இருந்த லிடியாவில், கி.மு. 7ஆம் நூற்றாண்டில் தோன்றியது. பொன்னும் வெள்ளியும் இயற்கையாகவே கலந்த ஓர் உலோகத்தில் அங்கே காசு அடித்தார்கள். அடுத்த நூற்றாண்டில் கிரேக்க ஊர்கள் அந்த வழக்கத்தை மேற்கொண்டு, பெரும்பாலும் தனி வெள்ளியில் அடிக்கலாயின. அடிக்கும் முறை எளியது. கீழே பட்டடையில் ஓர் அச்சு. அதன்மேல் நிறுத்து வைத்த வெள்ளி வில்லை. வில்லையின்மேல் கையில் பிடித்த இன்னோர் அச்சு. அதன் தலையில் சம்மட்டியால் ஓங்கி ஓர் அடி. ஒவ்வொரு காசும் இப்படித் தனித்தனியாக அடிக்கப்பட்டதால் இரண்டு காசுகள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை. சிலவற்றில் உருவம் ஓரமாக விலகிப் போயிருக்கும். வட்டமும் கோணலாக இருக்கும்.

அந்தக் காலத்துக் காசுக்கு மதிப்பு அதன் எடையில் இருந்தது. திராக்மா என்பது அடிப்படை அளவு. ஆறு ஓபல் சேர்ந்தது ஒரு திராக்மா. நான்கு திராக்மா கொண்ட பெரிய காசு, ஏதென்ஸ் நகரத்து அளவுப்படி, சுமார் 17 கிராம் எடை. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏதென்ஸில் ஒரு கோயிலைக் கட்டிய கணக்கு கல்லில் வெட்டப்பட்டுக் கிடைத்திருக்கிறது. அதில் கைத்தொழிலாளிக்கு நாட்கூலி ஒரு திராக்மா. குடிமகன், வெளியூரான், அடிமை ஆகிய மூவருக்கும் ஒரே கூலிதான் எழுதியிருக்கிறது. அடிமையின் கூலி அவன் எஜமான் கைக்குப் போயிருக்கும் என்பது வேறு விஷயம். ஓபல் காசு முக்கால் கிராம்கூட இராது. அவ்வளவு சிறிய காசை எங்கே முடிந்து வைப்பது? கிரேக்கர்கள் வாய்க்குள் அடக்கிக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். வெற்றிலை அடக்குவது போலத்தான்.

இனி, குடியேறியவர்கள் கதைக்கு வருவோம். காலனி என்றதும் வெள்ளைக்காரர் ஆண்ட காலனிதான் நம் நினைவுக்கு வரும். கிரேக்கரின் குடியேற்றம் அப்படிப்பட்டதன்று. 'அப்போய்க்கியா' என்பது அதற்கு அவர்கள் வைத்த பெயர். 'வீட்டைவிட்டு விலகிய வீடு' என்று அதற்குப் பொருள் சொல்லலாம். ஒரு கூட்டம் கப்பலேறிப் போய் வேறு கரையில் ஊர் அமைக்கும். அன்று முதல் அது தனி ஊர், தனி ஆட்சி. தாய் ஊரின் சாமியும் பேச்சும் பழக்கமும் தொடரும். தாய் ஊரின் அதிகாரம் தொடராது. கி.மு. 8ஆம் நூற்றாண்டு தொடங்கி இப்படிச் சிசிலித் தீவிலும், தென் இத்தாலியிலும், கருங்கடல் ஓரத்திலும், வட ஆப்பிரிக்காவிலும் ஊர்கள் எழுந்தன.

அந்த ஊர்கள் காசு அடிக்கத் தொடங்கியபோது, எதை அடையாளமாகப் பொறிப்பது என்ற கேள்வி வந்தது. சிலர் ஊர்ப் பெயரையே படமாக்கினார்கள். சிசிலியில் இருந்த செலினஸ் ஊருக்கு, 'செலினோன்' என்ற ஒரு காட்டுக் கீரையால் வந்தது பெயர். ஆகவே காசில் அந்தக் கீரையின் இலை. இன்னோர் ஊரான சாங்கிளேயின் துறைமுகம் அரிவாள்போல் வளைந்தது. அவ்வூர்ப் பழங்குடிகள் பேச்சில் அரிவாளுக்கு வழங்கிய சொல்லே ஊரின் பெயராயிற்று. காசிலும் அரிவாள் வடிவம் ஏறியது. சிராக்கூஸ் பெரிய நகரம். அது நான்கு குதிரை பூட்டிய தேரையும், ஒரு நீரூற்றுத் தேவதையின் முகத்தையும், சுற்றி நீந்தும் டால்பின்களையும் பொறித்தது. அந்த அச்சுகளை வெட்டிய கலைஞர்களில் கீமோன், எவாய்னெட்டஸ் போன்ற சிலர் தங்கள் பெயரையும் பொடி எழுத்தில் வெட்டி வைத்தார்கள். காசு வெட்டும் தொழிலாளி தன் பெயரைக் காசிலேயே போட்டுக்கொள்வது இன்றைக்கும் அரிது.

தென் இத்தாலியில் மெட்டபோண்டம் என்றோர் ஊர். அங்கே குடியேறியவர்கள் உழவர்கள். கி.மு. 6ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர்கள் அடித்த காசில் ஒரே ஒரு பார்லிக் கதிர். முன்பக்கம் கதிர் மேலெழுந்து நிற்கும். பின்பக்கம் அதே கதிர் குழிந்து இருக்கும். பின்னால் வந்த காசுகளில் கதிரின் அருகே சிறிய உருவங்களும் வருகின்றன. ஒன்றில் ஏர், ஒன்றில் வெட்டுக்கிளி, இன்னொன்றில் எலி! விளைச்சலைக் காசில் போட்டவர்கள் விளைச்சலின் பகைவரையும் மறக்கவில்லை என்று நான் வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

நேயர்களே, இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். மெட்டபோண்டத்தில் வெள்ளிச் சுரங்கம் கிடையாது. பின் வெள்ளி ஏது? வெளியிலிருந்து வந்தது. கதிரை விற்றார்கள், கப்பலில் வெள்ளி வந்தது. வந்த வெளியூர்க் காசை உருக்கக்கூட நேரமில்லாமல், அதன்மேலேயே தங்கள் அச்சை வைத்து அடித்ததும் உண்டு. கொரிந்து நகரத்துக் காசில் இறக்கை முளைத்த குதிரை இருக்கும். அதன்மேல் பார்லிக் கதிரை அடித்தார்கள். அடியில் பழைய உருவம் மங்கலாகத் தெரியும் காசுகள் இன்றும் இருக்கின்றன. ஆக, அந்தக் காசு ஊர்ச் சின்னமாக இருந்ததோடு, ஊர் எதை விற்று வாழ்ந்தது என்பதற்கு ஒரு ரசீதாகவும் இருந்தது.

இப்போது நான் முதலில் சொன்ன செடிக்கு வருகிறேன்.

ஏஜியன் கடலில் தேரா என்று ஒரு சிறு தீவு. இன்று சந்தோரினி என்று சுற்றுலாப் பயணிகள் ஓடுகிற இடம் அது. கி.மு. 7ஆம் நூற்றாண்டில் அங்கே தொடர்ந்து ஏழு ஆண்டுகள் மழை பெய்யவில்லை என்று வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். ஊர் கூடி முடிவு செய்தது. இரண்டு சகோதரர் இருக்கும் வீட்டில் ஒருவன் புறப்பட வேண்டும். யார் என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானிப்பது. ஐம்பது துடுப்புக் கப்பல்கள் இரண்டில் அவர்களை ஏற்றி அனுப்பினார்கள். போனவர்கள் வழி தெரியாமல் திரும்பி வந்தபோது, கரையேற விடாமல் தேரா மக்களே அடித்துத் துரத்தினார்களாம். பெற்ற ஊரே தள்ளிவிட்டது. என் பாட்டனார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிய கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு, ஹெரோடோட்டஸின் இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும்.

அவர்கள் இன்றைய லிபியா நாட்டின் கரைக்குப் போனார்கள். முதலில் ஒரு தீவில் இரண்டு ஆண்டு. பிறகு எதிர்க்கரையில் ஆறு ஆண்டு. கடைசியில் அந்நாட்டு லிபிய மக்கள், இதைவிட நல்ல இடம் காட்டுகிறோம் என்று அழைத்துச் சென்றார்கள். வழியில் இருந்த மிக நல்ல இடம் கண்ணில் படாதபடி அதை மட்டும் இரவில் கடக்க வைத்தார்கள் என்பது கதையின் சுவையான பகுதி. முடிவில் ஓர் ஊற்றின் அருகே நிறுத்தி, இங்கே வானமே பொத்தல், மழைக்குக் குறைவில்லை என்று சொன்னார்களாம். மழையில்லாமல் ஊரைவிட்டு வந்தவர்களுக்கு வேறென்ன வேண்டும்? கி.மு. 631 வாக்கில் அங்கே சிரேனே நகரம் பிறந்தது. சிலுவையைச் சுமந்ததாக பைபிளில் வரும் சீமோன் இந்த ஊர்க்காரர்தான்.

அந்த மேட்டு நிலத்தில் தானாக முளைத்தது சில்பியம் என்னும் செடி. தடித்த, வரியோடிய தண்டு, படிப்படியாக இலைகள், உச்சியில் பூங்கொத்து. அதன் தண்டையும் வேரையும் கீறினால் பால் வடியும். பால் இறுகிப் பிசினாகும். சமையலுக்கு வாசனைப் பொருளாகவும் பல நோய்களுக்கு மருந்தாகவும் அதை மத்தியதரைக் கடல் நாடுகள் எல்லாம் வாங்கின. தாவரங்களைப் பற்றி விரிவாக எழுதிய தியோபிராஸ்டஸ் என்ற அறிஞர் இதைப் பற்றிச் சொல்வதைக் கேட்டால் நம் ரப்பர்க் காடு கண்முன் வரும். இவ்வளவுதான் கீறலாம், இதற்கு மேல் கீறக் கூடாது என்று ஒழுங்கு இருந்தது. மறு கீறலுக்கென்று விட்டுவைக்க வேண்டும். எடுத்த பால் கெட்டுப் போகாமல் இருக்க, பாத்திரத்தில் மாவு கலந்து நெடுநேரம் குலுக்கிப் பதப்படுத்தினார்கள். மரப்பட்டையை எவ்வளவு ஆழம் வெட்டலாம், பாலில் எவ்வளவு மருந்து கலக்கலாம் என்பதை நம் பெண்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

பாரிஸ் நகரக் காட்சியகத்தில் கி.மு. 560 வாக்கில் செய்த ஒரு மண் கிண்ணம் இருக்கிறது. அதில் சிரேனே அரசன் ஆர்க்கெசிலாஸ் நாற்காலியில் அமர்ந்திருக்கிறான். முன்னே பெரிய தராசு. ஆட்கள் நிறுக்கிறார்கள், மூட்டை கட்டிச் சுமக்கிறார்கள். நிறுப்பது சில்பியம் என்பார் சிலர். ஆட்டு மயிர் என்பார் சிலர். எதுவானாலும், உட்கார்ந்து பார்க்கிறவன் ஒருவன், சுமக்கிறவர்கள் பலர். பால் கொட்டகையில் கிராணி நிறுவை பார்க்கும் காட்சியை யாரோ அந்தக் காலத்திலேயே வரைந்து வைத்ததுபோல் இருக்கிறது.

சிரேனே பக்கத்திலும் வெள்ளிச் சுரங்கம் இல்லை. செடியும் தானியமும் குதிரையும் ஆட்டு மயிரும் வெளியே போயின. வெள்ளி உள்ளே வந்தது. கி.மு. 6ஆம் நூற்றாண்டிலிருந்து அந்த வெள்ளியில் அவர்கள் அடித்த காசுகளில் ஒரு பக்கம் சில்பியம். சிலவற்றில் அதன் காய் மட்டும். சிலவற்றில் முழுச் செடி. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நூலகத்தில் இந்தக் காசின் படத்தை முதன்முதலாகப் பார்த்தபோது, நான் அதை மரவள்ளிச் செடி என்று நினைத்தேன். மறுபக்கம் ஆட்டுக்கடாக் கொம்பு வைத்த ஒரு தெய்வத்தின் முகம். அவர் பெயர் ஆமோன். எகிப்திலும் லிபியப் பாலைவனத்திலும் வணங்கப்பட்ட அந்தத் தெய்வத்தைக் கிரேக்கர்கள் தங்கள் சேயுஸ் கடவுளோடு ஒன்றாக்கிக் கொண்டார்கள். போன இடத்துச் சாமி தங்கள் காசிலேயே ஏறிவிட்டது. சிரேனேப் பெண்கள், லிபியப் பெண்களைப் போலவே, பசு இறைச்சி உண்பதில்லை என்றும் ஹெரோடோட்டஸ் குறிக்கிறார். சமையலறை வரைக்கும் கலப்பு நடந்திருக்கிறது.

எல்லாம் இணக்கமாகவே நடந்தது என்று சொல்லிவிட்டால் அது பொய். சிரேனே பெருகியபோது, நிலம் தருகிறோம் வாருங்கள் என்று கிரேக்க நாடெங்கும் அழைப்புப் போனது. புதியவர்களுக்குக் கொடுத்த நிலம் யாருடையது? வழிகாட்டிக் கூட்டி வந்த அதே லிபிய மக்களுடையது. அவர்கள் எகிப்து மன்னனிடம் முறையிட்டார்கள். கி.மு. 570 வாக்கில் போர் மூண்டது. எகிப்தின் படை தோற்றது. காசில் செடி இருக்கிறது. அந்த நிலத்தை இழந்தவர்களின் முகம் எந்தக் காசிலும் இல்லை.

இந்த ஊரைப் பற்றி நான் மிகவும் விரும்பிச் சொல்லும் செய்தி ஒரு கல்வெட்டில் இருக்கிறது. கி.மு. 330 முதல் 325 வரை கிரேக்க நாடெங்கும் தானியத் தட்டுப்பாடு. அப்போது சிரேனே எந்தெந்த ஊருக்கு எவ்வளவு தானியம் கொடுத்தது என்ற பட்டியல் அது. மெடிம்னோஸ் என்னும் முகத்தலளவையில் மொத்தம் சுமார் 8,05,000. ஏதென்ஸ் நகரத்துக்கு மட்டும் 1,00,000. பட்டியலில் இறங்கிக்கொண்டே வந்தால், தேராவின் பெயரும் இருக்கிறது, 15,000 அளவு. சீட்டுப் போட்டு அனுப்பி, திரும்பி வந்தவர்களை அடித்துத் துரத்திய அதே தீவு. முந்நூறு ஆண்டு கழித்துப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் தானியம் அனுப்புகிறார்கள்.

செடி என்ன ஆயிற்று? கி.மு. 96இல் சிரேனே நாட்டின் கடைசி அரசன் அதை ரோமாபுரிக்கு எழுதி வைத்துவிட்டு இறந்தான். சில்பியம் அப்போதே அரிதாகி வந்தது. ஜூலியஸ் சீசர் உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் ரோமாபுரியின் கருவூலத்தைத் திறந்தபோது, பொன் வெள்ளியோடு 1,500 ராத்தல் சில்பியப் பிசினும் உள்ளே இருந்தது என்று பிளினி என்னும் ரோமானிய ஆசிரியர் எழுதுகிறார். அழிந்த காரணத்தையும் அவரே சொல்கிறார். மேய்ச்சல் நிலங்களைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கீறிப் பால் எடுப்பதைவிட, அந்தச் செடியை ஆடுகளுக்கு மேயவிட்டுக் கொழுக்க வைப்பதில் லாபம் அதிகம். மேயவிட்டார்கள். கி.பி. 54 முதல் 68 வரை ஆண்ட நீரோ மன்னனுக்கு ஒரே ஒரு தண்டு கிடைத்து, அதை அதிசயப் பொருளாக அனுப்பி வைத்தார்களாம். அதற்குப் பிறகும் எங்கோ மூலையில் சில செடிகள் இருந்திருக்கலாம். கி.பி. 400 வாக்கில் அந்தப் பகுதியில் வாழ்ந்த சினேசியஸ் என்பவர் எழுதிய கடிதத்தில் அதைப் பற்றிய பேச்சு வருகிறது. அத்தோடு சரி.

இதை வகுப்பில் சொன்னபோது ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "ஏன் சார், கன்று நட்டிருக்கலாமே?" என்று கேட்டாள். அவள் அம்மா நாற்று மேடையில் வேலை செய்கிறவர். நல்ல கேள்வி. நட்டுப் பார்த்தார்கள் என்பதே பதில். வேறு நாடுகளில் அது வளரவில்லை என்று பழைய கிரேக்க மருத்துவ நூல் ஒன்று குறிக்கிறது. உழுது பண்படுத்திய நிலத்தை அந்தச் செடி ஒதுக்கும் என்கிறார் தியோபிராஸ்டஸ். ரப்பர் விஷயம் வேறு. பிரேசில் நாட்டிலிருந்து 1876இல் எடுத்துச் சென்ற விதைகள் லண்டனில் முளைத்தன. அதற்கடுத்த ஆண்டே 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து வேர் பிடித்தன. அவை பிடிக்காமல் போயிருந்தால் நீங்களும் நானும் இந்த நாட்டில் இருந்திருப்போமா என்பது ஐயமே.

சில்பியம் கிடைக்காத ரோமானியர்கள் அதற்கு மாற்றாகப் பாரசீகப் பக்கத்திலிருந்து வேறொரு பிசினை வாங்கினார்கள். அதுவும் வேரைக் கீறி எடுத்த பால்தான். தரம் மட்டம் என்று முணுமுணுத்தார்கள். ஆனாலும் வாங்கினார்கள். அந்த மட்டமான சரக்கு இப்போது உங்கள் அடுப்பங்கரையில் இருக்கிறது. அதன் பெயர் பெருங்காயம். கடையில் விற்கும் பெருங்காயத்திலும் மாவு கலந்துதான் இருக்கும். டப்பாவின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள்.

2021இல் துருக்கி நாட்டு ஆய்வாளர் ஒருவர், அனத்தோலியா மலைப் பகுதியில் தாம் கண்ட பெருங்காயச் சாதிச் செடி ஒன்று சில்பியமாக இருக்கக் கூடும் என்று அறிவித்தார். அதுதான் இது என்று இன்னும் உறுதியாகவில்லை. அவர் ஒப்பிட்டுப் பார்க்க இலையோ விதையோ எதுவும் மிஞ்சவில்லை. பழைய நூல்களில் உள்ள வருணனைகளும், சிரேனேயின் வெள்ளிக் காசுகளுமே அவருக்குக் கிடைத்தவை. காசில் தண்டு தடித்து வரியோடியிருக்கிறது. இலைகள் எதிரெதிராக இணை இணையாக இருக்கின்றன. மலையில் நின்ற செடியிலும் அப்படியே இருந்தன.